வேலந்தாவளத்திலிருந்து பி.பார்ம். போகிறவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த ஒரு வாரத்தில், பாலக்காடு-கோவை எல்லையில் வேலந்தாவளத்தில் இருக்கிற எங்கள் மருந்துக் கடைக்கு யாராவது ஒரு அப்பா, மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். கொழிஞ்சாம்பாறை, ஒழலப்பதி, எருத்தேம்பதி என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள்தான். "ஏனுங்க தம்பி, பார்மசி படிச்சா மெடிக்கல் வைக்கலாமுங்களா?" வைக்கலாம். ஆனால் படிப்பு அது மட்டும் இல்லை, முதல் வருடத்தில் மருந்துக் கடை என்ற சொல்லே அனேகமாகக் காதில் விழாது. எலும்பு, டைட்ரேஷன், உப்பு, சர்க்கரைப் பாகு என்று போய்க்கொண்டிருக்கும், மூன்றாவது மாதத்தில் 'தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு கோவைப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தவன் நான். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைக்கிற விஷயங்களை வரிசையாக எழுதுகிறேன்.

சேருவதற்கு முன்னால்

மூன்று படிப்புகள் இருக்கின்றன, மூன்றையும் போட்டுக் குழப்பாதீர்கள். டி.பார்ம். என்கிற டிப்ளமோ இரண்டு வருடம், அதன் பிறகு மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரப் பயிற்சி. அதை முடித்தவர்கள் பதிவு செய்வதற்கு முன்னால் எக்ஸிட் தேர்வு எழுத வேண்டும் என்று 2022இல் விதி வந்தது. பி.பார்ம். என்கிற பட்டப்படிப்பு நான்கு வருடம், எட்டு செமஸ்டர். பார்ம்.டி. ஆறு வருடம், அதில் கடைசி வருடம் முழுக்க மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப். கடை மட்டும்தான் நோக்கம், வீட்டில் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால் டி.பார்ம். போதும், பிறகு மனசு மாறினால் பி.பார்ம். இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். கம்பெனி, தரக்கட்டுப்பாடு, ஆராய்ச்சி, மருந்து ஆய்வாளர் வேலை என்று கதவைத் திறந்து வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு பி.பார்ம். தான். வார்டில் நோயாளி பக்கத்தில் நின்று வேலை செய்ய ஆசையும் ஆறு வருடப் பொறுமையும் இருந்தால் பார்ம்.டி.

பி.பார்ம். சேர இயற்பியலும் வேதியியலும் கட்டாயம், அதோடு கணிதமோ உயிரியலோ ஏதாவது ஒன்று வேண்டும். கேரளத்தில் 'கீம்' நுழைவுத் தேர்வு இருக்கிறது, பார்மசிக்கான தாளில் இயற்பியலும் வேதியியலும் வரும். தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் ரேங்க். எல்லையோரத்தில் இருப்பதால் நமக்கு இரண்டு பக்கமும் கண் போகும், அதில் தப்பில்லை, ஆனால் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு இருப்பிடச் சான்று குறுக்கே வரும். ரேஷன் கார்டு இந்தப் பக்கம், பள்ளி அந்தப் பக்கம் என்று இருப்பவர்கள் விளக்கப் புத்தகத்தில் அந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு முறை படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலை: அந்தக் கல்லூரிக்கு, அந்தப் படிப்புக்கு, இந்திய மருந்தியல் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பார்ப்பது. 1948ஆம் வருட பார்மசி சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ் தரப்படும் அங்கீகாரம் அது. அது இல்லாத இடத்தில் நான்கு வருடம் படித்தாலும் மருந்தாளுநராகப் பதிவு செய்ய முடியாது. கட்டடம் பெரிதாக இருக்கிறது, பஸ் வீட்டு வாசலுக்கு வருகிறது, ஏஜென்ட் நம்ம ஊர்க்காரர் என்பதெல்லாம் அங்கீகாரம் ஆகாது. 'எந்த மாநிலத்தில் படித்தால் எந்த மாநிலத்தில் வேலை' என்ற பயமும் நிறையப் பேருக்கு இருக்கிறது. பதிவு என்பது நீங்கள் குடியிருக்கிற அல்லது தொழில் செய்கிற மாநிலத்தின் கவுன்சிலில் செய்வது. கோவையில் படித்துவிட்டு பாலக்காட்டில் வேலை பார்க்க ஒரு தடையும் இல்லை.

முதல் செமஸ்டரில் என்ன வரும்

கவுன்சில் 2017இல் கொண்டுவந்த பாடத்திட்டப்படி முதல் செமஸ்டரில் மனித உடற்கூறும் உடலியங்கியலும், பார்மசூட்டிக்கல் அனாலிசிஸ் (மருந்தைச் சோதித்து அளப்பது), பார்மசூட்டிக்ஸ் (மருந்து தயாரிப்பது), கனிம வேதியியல், ஆங்கிலத் தொடர்புத் திறன் ஆகியவை வரும். இவற்றோடு பிளஸ் டூவில் கணிதம் எடுத்தவர்களுக்கு, படிக்காமல் விட்டதை ஈடுகட்ட, ரெமிடியல் பயாலஜி, உயிரியல் எடுத்தவர்களுக்கு ரெமிடியல் மேத்ஸ். இரண்டாவது செமஸ்டரில் உடலியங்கியலின் மீதிப் பாதி, கரிம வேதியியல், உயிர்வேதியியல், நோய்க்கூறு, கம்ப்யூட்டர், சுற்றுச்சூழல். 'பார்மசி பிராக்டிஸ்' என்ற பெயரிலேயே ஒரு பாடம் ஏழாவது செமஸ்டரில்தான் வருகிறது. மருந்து உடம்பில் என்ன செய்கிறது என்று சொல்லும் பார்மகாலஜிகூட நான்காவதில்தான். அதனால் முதல் வருடத்தில் 'எனக்கு ஒரு மருந்துப் பேரும் தெரியவில்லையே' என்று கவலைப்பட வேண்டாம். பெயர் தெரிந்துகொள்வது சுலபம், அது பின்னால் வரும். இப்போது பழக வேண்டியது அளவு. முதல் வருடத்தின் எல்லாப் பாடத்திலும் உள்ளே ஓடுகிற சங்கதி அது ஒன்றுதான்.

தமிழ் மீடியத்திலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் மாதம் வகுப்பில் பாதி புரியாது, பயப்படாதீர்கள். உடற்கூறு சொற்களில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்கம், இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கும் அவை புதிதுதான். நான் செய்தது இது: ஒரு நாற்பது பக்க நோட்டில் வார்த்தையைத் துண்டு துண்டாக வெட்டி எழுதினேன். 'ஹெபட்டோ' என்று வந்தால் கல்லீரல், 'நெஃப்ரோ' என்றால் சிறுநீரகம், 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எமியா' என்று முடிந்தால் ரத்தம் சம்பந்தப்பட்டது. துண்டுகள் நூறு தெரிந்தால் ஆயிரம் வார்த்தையை ஊகித்துவிடலாம். பாடத்தைத் தமிழில் புரிந்துகொண்டு பரீட்சையில் இங்கிலீஷில் எழுதுங்கள். படத்துக்கு மொழி கிடையாது, இதயத்தின் நான்கு அறையையும் வால்வுகளையும் கண்ணை மூடிக்கொண்டு வரையத் தெரிந்தால் அந்தக் கேள்வியில் பாதி மார்க் கையில்.

கணக்கு, கணக்கு, யூனிட்

முதல் இன்டர்னல் தேர்வில் ஒரு கணக்குக்கு '250' என்று மட்டும் எழுதிவிட்டு வந்தேன். விடை சரி. ஆனால் சார் சிவப்பு மையில் வட்டம் போட்டு பக்கத்தில் எழுதியிருந்தார்: "250 என்ன? மில்லிகிராமா, மில்லிலிட்டரா, தேங்காயா?" மார்க் கிடையாது. அப்போது கோபம் வந்தது. இப்போது எங்கள் கடையில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நானே அதைத்தான் கேட்கிறேன், தேங்காய் உட்பட.

ஏன் என்று ஒரு கணக்கோடு சொல்கிறேன். பத்து கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். டாக்டர் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கில் எழுதுகிறார், அதாவது ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். சரி, எத்தனை மில்லி ஊற்றுவது? கடையில் ஒரே பாராசிட்டமால் மூன்று விதமாக இருக்கும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கிற சிரப் என்றால் 6 மில்லி. 5 மில்லியில் 250 இருக்கிற சிரப் என்றால் 3 மில்லி. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ், ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருப்பது, அதில் 1.5 மில்லி. போன தடவை '6 மில்லி குடு' என்று கேட்டுப் பழகிய அம்மா, இந்தத் தடவை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து 6 மில்லி ஊற்றினால் உள்ளே போவது 600 மில்லிகிராம், தேவையைப் போல நான்கு மடங்கு. மருந்து சரி, குழந்தை சரி, '6' என்ற எண்ணும் சரி, எந்த பாட்டில் என்பது மட்டும் தப்பு. நான் பயிற்சியில் இருந்தபோது, டிராப்ஸை எடுத்துக் கவரில் போட்டு சிரப்புக்கான அளவைச் சொல்லப் போனேன்; பக்கத்தில் நின்ற கடை அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் முதல் செமஸ்டர் பார்மசூட்டிக்ஸில் வருகிற கணக்குகளை மனப்பாடம் செய்யாமல் போட்டுப் பாருங்கள். யங் சூத்திரம் ஒன்று வரும்: குழந்தையின் வயதை, வயதோடு 12 கூட்டி வந்த எண்ணால் வகுத்து, பெரியவர்களுக்கான அளவால் பெருக்க வேண்டும். ஆறு வயதுக்கு 6 வகுத்தல் 18, அதாவது மூன்றில் ஒரு பங்கு. இன்றைக்கு டாக்டர்கள் எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், ஆனாலும் பரீட்சையில் இது கட்டாயம் வரும். அப்புறம் சதவீதக் கணக்கு. 0.9 சதவீத சலைன் என்றால் 100 மில்லியில் 0.9 கிராம் உப்பு. அரை லிட்டர் பாட்டிலுக்கு 4.5 கிராம். அப்புறம் அலிகேஷன், இரண்டு செறிவுகளைக் கலந்து நடுவில் ஒரு செறிவு கொண்டுவருகிற கணக்கு. 90 சதவீத ஆல்கஹாலும் 40 சதவீத ஆல்கஹாலும் இருக்கிறது, 70 சதவீதம் வேண்டும். 70-க்கும் 40-க்கும் வித்தியாசம் 30, 90-க்கும் 70-க்கும் வித்தியாசம் 20; ஆக 90-இல் மூன்று பங்கு, 40-இல் இரண்டு பங்கு. பாலில் தண்ணீர் கலக்கிற கணக்குத்தான், நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கவே தேவையில்லை.

ஒரு பழக்கம் சொல்கிறேன், தினமும் ஐந்து நிமிடம் போதும். வீட்டில் கிடக்கிற மாத்திரை அட்டையை எடுத்து முழுசாகப் படியுங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் 'ஐ.பி.' என்று இருக்கும், அது இந்தியன் பார்மகோபியா. இந்த மருந்து இவ்வளவு தூய்மையாக, இந்தச் சோதனைகளில் தேறியதாக இருக்க வேண்டும் என்று சட்டப்படி தரம் சொல்கிற தொகுப்பு, முதல் பதிப்பு 1955இல் வந்தது. நீங்கள் லேபில் செய்யப்போகிற சோதனைகளுக்கும் அந்த இரண்டு எழுத்துக்கும் நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. பிறகு பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம், சிவப்புக் கோடு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொல்கிற 'ஷெட்யூல் எச்' எச்சரிக்கை. பாட்டியின் பிரஷர் மாத்திரை அட்டையை ஒரு வருடம் இப்படிப் படித்தால், ஐந்தாவது செமஸ்டரில் வருகிற சட்டப் பாடம் பழகிய ஊராகத் தெரியும்.

லேபில் கை பழகுவது

லேப் கோட், ஒரு துணி, மார்க்கர் பேனா, முடியைக் கட்டிக்கொள்ள ஏதாவது, கால் மூடுகிற செருப்பு. இவ்வளவுதான் சாமான்.

அனாலிசிஸ் லேபில் முதல் வேலை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் தயாரித்து அதன் சரியான செறிவைக் கண்டுபிடிப்பது. 'லிட்டருக்கு 4 கிராம் போட்டால் 0.1 மோலார், எடை போட்டாச்சு, இன்னும் என்ன கண்டுபிடிப்பது?' என்று எல்லோருக்கும் தோன்றும். அந்த வில்லைகள் காற்றிலிருந்து ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும், நீங்கள் நிறுத்தது அத்தனையும் சோடியம் ஹைட்ராக்சைடு இல்லை. அதனால்தான் நிலையான இன்னொரு பொருளை வைத்துச் சரிபார்க்கிறோம், அதுதான் டைட்ரேஷன். பாட்டிலில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதே என்பது முதல் மாதமே சொல்லித்தரப்படுகிறது, யாரும் அப்படி எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் குறை. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுகிற அளவுக் குழாயான பியூரெட்டைக் கண் மட்டத்தில் வைத்து, நீர்வளைவின் அடி விளிம்பைப் பாருங்கள். நிறம் காட்டியான ஃபினால்ஃப்தலீனில் லேசான ரோஜா நிறம் வந்ததும் நிறுத்துங்கள், வாடாமல்லி நிறம் வந்தால் தாண்டிவிட்டீர்கள், திரும்பச் செய்யுங்கள். பக்கத்து பெஞ்சின் ரீடிங்கை எழுதினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள், இருபது வருடம் அதையே பார்த்த சார்களுக்கு வாசனையே தெரியும்.

கனிம வேதியியலில் லிமிட் டெஸ்ட் என்கிற மாசுச் சோதனை வரும். குளோரைடு, சல்ஃபேட், இரும்பு, ஆர்சனிக். மாசு எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதில்லை. அனுமதித்த அளவைத் தாண்டியதா இல்லையா என்று மட்டும் பார்ப்பது. நெஸ்லர் குழாய் என்கிற ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குழாய், ஒன்றில் ஸ்டாண்டர்டு, ஒன்றில் உங்கள் மாதிரி. குளோரைடு சோதனையில் சில்வர் நைட்ரேட் விட்டதும் இரண்டும் லேசாக மங்கும், மாதிரி அதிகம் மங்காமல் இருந்தால் தேறியது. கறுப்பு அட்டையைப் பின்னால் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பார்மசூட்டிக்ஸ் லேப். முதலில் சிம்பிள் சிரப்: 667 கிராம் சர்க்கரையில் தண்ணீர் சேர்த்து எடை 1000 கிராம் வரும்வரை. அம்மா அதிரசத்துக்குக் காய்ச்சுகிற பாகுதானே என்று சிரித்தோம். சர்க்கரை இந்த அளவு செறிவாக இருந்தால் கிருமி அதில் வளர முடியாது, குறைத்தால் பூஞ்சை பிடிக்கும், ரொம்பக் கூட்டினால் ஆறும்போது படிகம் கட்டும். அங்கேயும் அளவுதான். அப்புறம் எமல்ஷன், எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நிற்கிற மருந்து. தாவர எண்ணெய் என்றால் எண்ணெய் நான்கு, தண்ணீர் இரண்டு, பிசின் ஒன்று. உலர்ந்த கல்வத்தில் எண்ணெயையும் பிசினையும் சேர்த்து, தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றி, ஒரே திசையில் விடாமல் வேகமாக அரைத்தால் கொஞ்ச நேரத்தில் வெள்ளையாகி 'சடசட'வென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராமல் மீதித் தண்ணீரைச் சேர்த்தால் எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும், எத்தனை அரைத்தாலும் சேராது. நான் இரண்டு தடவை கோட்டைவிட்டேன், கல்வம் ஈரமாக இருந்ததுதான் காரணம். நன்றாகத் துடையுங்கள், துணி கொண்டுபோகச் சொன்னது அதற்குத்தான்.

உடலியங்கியல் லேபில் உங்கள் விரலை நீங்களே குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எங்கள் வகுப்பில் முதலில் மயங்கி விழுந்தவன் கபடி டீம் கேப்டன்.

மார்க், அட்டென்டன்ஸ், அரியர்

தியரியில் 75 மார்க் செமஸ்டர் தேர்வு, 25 இன்டர்னல். லேபில் 35-உம் 15-உம். பாஸ் மார்க் 50 சதவீதம், தமிழ்நாட்டு பிளஸ் டூ மாதிரி 35 இல்லை, இதில்தான் முதல் செமஸ்டரில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அட்டென்டன்ஸ் 80 சதவீதம், தியரிக்கும் லேபுக்கும் தனித்தனியாகக் கணக்கு. ஊர்த் திருவிழாவுக்கும் மாமன் மகள் கல்யாணத்துக்கும் போங்கள், ஆனால் லேப் நாள் பார்த்துப் போங்கள், வாரத்தில் ஒரே நாள் வருகிற லேபில் நான்கு தடவை போகாவிட்டால் சதவீதம் சரிந்துவிடும். ரெக்கார்டு நோட்டை அந்தந்த வாரமே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் ராத்திரி உட்கார்ந்து எழுதியவர்களின் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானும் எழுதியிருக்கிறேன்.

அரியர் விழுந்தால் உலகம் முடிந்துவிடாது, நான்காவது செமஸ்டர் வரை தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் முதல் இரண்டு செமஸ்டரின் எல்லாப் பாடமும் தேறாமல் ஐந்தாவது செமஸ்டருக்குள் நுழைய முடியாது. அந்த வாசலில் ஒரு வருடம் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒரே ஒரு கரிம வேதியியல் தாளுக்காக.

லீவில் ஒரு மருந்துக் கடை

இது பாடத்திட்டத்தில் இல்லை, ஆனால் முதல் வருட லீவில் ஒரு மாதம் மருந்துக் கடையில் நில்லுங்கள், சம்பளம் கேட்காமல். மருந்து எடுத்துக் கொடுக்க வேண்டாம், படிப்பு முடிந்து பதிவு செய்யும்வரை சீட்டுப் பார்த்து மருந்து கொடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அடுக்குங்கள், காலாவதி தேதி பாருங்கள், இன்சுலின் இருக்கிற ஃப்ரிட்ஜின் வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று காலை மாலை எழுதுங்கள், சீட்டில் 'பி.டி.' என்றால் இரண்டு வேளை, 'டி.டி.எஸ்.' என்றால் மூன்று வேளை, 'எச்.எஸ்.' என்றால் படுக்கும்போது என்று கண்ணைப் பழக்குங்கள். ஆன்டிபயாடிக் கேட்டு சீட்டு இல்லாமல் வருகிறவரிடம் கடைக்காரர் என்ன பேசுகிறார் என்று கவனியுங்கள். கேரளத்தில் 2024இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்று இதற்காகவே கடை கடையாகச் சோதனை நடந்தது. இன்னும் கடுமையான கட்டுப்பாடு உள்ள ஷெட்யூல் எச்1 மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு இருக்கும், நோயாளி பெயர், டாக்டர் பெயர், எண்ணிக்கை எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். 'சர்டிபிகேட்டை மட்டும் குடுங்க, மாசாமாசம் பணம் வரும்' என்று நான்காம் வருடம் முடிந்ததும் யாராவது வருவார்கள், கடையில் ஆள் இல்லாமல் சுவரில் சர்டிபிகேட் மட்டும் தொங்குவது சட்டப்படி குற்றம், தப்பு நடந்தால் பதில் சொல்ல வேண்டியது அதில் பெயர் இருக்கிறவர்தான்.

நம்ம பக்கத்துக் கடையில் கற்றுக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல், 'சும' என்றால் இருமல், 'சர்த்தி' என்றால் வாந்தி, 'குளிக' என்றால் மாத்திரை, 'வெள்ளம்' என்றால் தண்ணீர். பொள்ளாச்சியிலிருந்து வந்து எங்கள் கடையில் சேர்ந்த ஒரு தம்பி, 'குட்டிக்கு ரெண்டு திவசமாயிட்டு பனி' என்று சொன்ன அக்காவிடம் "ஸ்வெட்டர் போட்டு விடுங்க அக்கா" என்றான். சிரிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு அது நேர்மாறான யோசனை. அதிலிருந்து கடையில் ஒரு வழக்கம் வைத்தோம். சொல்வதை இரண்டு மொழியிலும் சொல்வது, பாட்டில் மேல் எண்ணையும் யூனிட்டையும் பேனாவால் எழுதுவது, அளவு மூடியில் எந்தக் கோடு வரை என்று நகத்தால் தொட்டுக் காட்டுவது, அப்புறம் "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க, எத்தனை மில்லி, எத்தனை வேளை?" என்று திருப்பிக் கேட்பது. ஏழாவது செமஸ்டரில் இதற்கு 'பேஷன்ட் கவுன்சிலிங்' என்று பெயர் வைத்துப் பாடம் எடுப்பார்கள். திருப்பிக் கேட்டால் பத்தில் மூன்று பேராவது வேறு அளவு சொல்வார்கள், நீங்கள் நின்று பாருங்கள்.